மாணவர் குறும்படம்: டாப் ஆங்கிள் ஷாட்களை எப்படித் திட்டமிடுவது, யாருக்கும் ஆபத்தில்லாமல் எப்படி எடுப்பது?

#1 கோணல்பார்வை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். காட்சித் தொடர்பியல் இறுதியாண்டு மாணவி. கடைசிப் பருவத்துக்கு 12 நிமிடக் குறும்படம் எடுக்க வேண்டும். புதிய கல்லூரியில் யாரோடும் ஒட்ட முடியாத ஒரு பெண் கொஞ்சம் கொஞ்சமாகத் தனக்குள் சுருங்கிப் போவதுதான் கதை. ஷாட் டிவிஷன் (காட்சிகளை எந்தெந்த ஷாட்டாக எடுப்பது என்ற பட்டியல்) போட்டபோது மூன்று இடங்களில் கேமரா மேலிருந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

ஒன்று, கல்லூரி முற்றம். எல்லோரும் கடந்து போய்க்கொண்டிருக்க, அவள் மட்டும் நடுவில் நிற்கிறாள். மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து எடுக்க நினைத்திருக்கிறேன். கைப்பிடிச் சுவர் குறுக்கே வராமல் இருக்க, நான் அதன் மேல் உட்கார்ந்து கேமராவை வெளியே நீட்டிப் பிடிப்பேன், ஒரு தோழி பின்னாலிருந்து என் பெல்ட்டைப் பிடித்துக்கொள்வாள்.

இரண்டு, இரவில் தூக்கம் வராமல் கட்டிலில் படுத்திருக்கும் அவள். தலைக்கு நேர் மேலே கேமரா. கட்டில் ஓரத்தில் ஏணி போட்டு ஏறி எடுக்கலாம் என்று திட்டம்.

மூன்று, படிக்கட்டில் அப்பா மேலே, இவள் கீழே. வாக்குவாதம்.

யூனிட்டில் மொத்தம் ஐந்து பேர். கையில் ஒரு மிரர்லெஸ் கேமரா (ஃபுல் ஃபிரேம்), 24-70 லென்ஸ், ஒரு டிரைபாட், கிம்பல் (ஆட்டத்தைக் குறைக்கும் கைப்பிடி), இரண்டு செல்போன், எட்டடி அலுமினிய ஏணி. கேமராவை உயர்த்தும் ஜிப், கிரேன் வாடகைக்கு எடுக்க வழியில்லை. அனுபவம் உள்ளவர்கள் ஆலோசனை சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 மணல்மூட்டை

தங்கச்சி, முதல் ஷாட்டை அப்படி எடுக்காதே. பெல்ட்டைப் பிடிக்கிற தோழிக்கு உன் எடை தாங்காது. நீ சரிந்தால் அவளும் சேர்ந்து வருவாள். படப்பிடிப்புகளில் கிரிப் வேலை, அதாவது கேமராவைத் தாங்கும் ஸ்டாண்டுகளைப் பொருத்துகிற வேலை, பார்க்கிறவன் நான். உயரத்தில் எனக்கு விதி ஒன்றுதான்: மேலே போக வேண்டியது கேமரா, ஆள் இல்லை. உன் மூன்று ஷாட்டையும் அந்தக் கண்ணோடு ஒருமுறை பார். மூன்றிலும் ஆள் எங்கும் ஏறாமலே எடுக்க வழி இருக்கிறது.

வியூஃபைண்டரில் கண் வைத்திருக்கிற ஆளுக்குத் தன் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இது கவனக்குறைவு இல்லை, அந்த வேலையே அப்படித்தான். ஃபிரேம் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று உடம்பு தானாக முன்னால் சாயும். அதனால்தான் ஓரத்தில் கேமராமேனை நிறுத்தவே கூடாது என்கிறேன்.

மொட்டை மாடி எதற்கு என்று சொல். உயரம் வேண்டுமா, ஃபிரேமில் முற்றம் எவ்வளவு தெரிய வேண்டும் என்று கணக்கு இருக்கிறதா?

#3 கோணல்பார்வை

கணக்கு ஒன்றும் போடவில்லை அண்ணா. எவ்வளவு உயரமோ அவ்வளவு தனிமை தெரியும் என்று நினைத்தேன். அவளைச் சுற்றிக் கொஞ்சம் வெற்றுத் தரை, அதற்கு வெளியே போகிற கால்கள், இவ்வளவு தெரிந்தால் போதும்.

#4 சட்டகம்

மணல்மூட்டை கேட்டது சரியான கேள்வி. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உயரத்தையும் லென்ஸையும் சேர்த்து யோசிக்காமல் இடம் தேடினால், தேவையில்லாத மாடியெல்லாம் ஏறுவோம்.

ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ. தூரத்தை 36-ஆல் பெருக்கி லென்ஸின் எண்ணால் வகுத்தால், அந்தத் தூரத்தில் ஃபிரேம் எத்தனை அடி அகலம் பார்க்கும் என்று வந்துவிடும். 24 எம்.எம். என்றால் தூரத்தைப் போல ஒன்றரை மடங்கு. பெரும்பாலான செல்போன்களின் முதன்மைக் கேமராவும் ஏறக்குறைய இதே அகலம்தான்.

மூன்று மாடிக்கு மேல் கேமரா சுமார் 35 அடியில் இருக்கும் என்று வைப்போம். 24 எம்.எம்.-இல் நேர் கீழே பார்த்தால் தரையில் 52 அடி தெரியும். உங்கள் நாயகியின் தோள் அகலம் ஒன்றரை அடி. ஃபிரேமில் முப்பதில் ஒரு பங்கு. அவள் ஒரு புள்ளி. அவள்தான் அது என்று பார்ப்பவருக்கே தெரியாது. இதையே முதல் மாடி ஜன்னலிலிருந்து, சுமார் 14 அடி உயரத்தில் வைத்து எடுத்தால் தரையில் 21 அடி தெரியும். அவள் தோள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. நீங்கள் கேட்ட வெற்றுத் தரையும் இருக்கும், கால்களும் இருக்கும், ஆளும் அடையாளம் தெரிவாள்.

"மாடியிலிருந்தே 60 எம்.எம். போட்டால் அதே 21 அடி வருமே" என்று கேட்கலாம். வரும். ஆனால் படம் வேறு. 35 அடியிலிருந்து பார்த்தால் அவள் தலைக்கும் காலுக்கும் தூர வித்தியாசம் குறைவு, உருவம் தரையோடு ஒட்டி வரைபடம் மாதிரி தட்டையாகத் தெரியும். 14 அடியிலிருந்து பார்க்கும்போது தலை கேமராவுக்கு எட்டரை அடியில், பாதம் 14 அடியில். தலை பெரிதாகவும் கால் சிறுத்தும் தெரியும், அவளைத் தரையில் வைத்து அழுத்தியது போல. உங்கள் கதைக்கு எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. ஆக, தாழ்வான இடமே நல்ல ஷாட்டைத் தருகிறது, ஆபத்தும் குறைகிறது.

இன்னொன்று. மேலிருந்து பார்த்தால் ஆள் பலவீனமாகத் தெரிவார் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். எப்போதும் அப்படி இல்லை. நேர் மேலிருந்து பார்க்கும் ஷாட்டில் பலவீனமும் இல்லை, பலமும் இல்லை. முகமே இல்லாததால் உணர்ச்சி போய், அமைப்பு மட்டும் நிற்கும். 30, 40 டிகிரி சாய்வில்தான் முகம் இன்னும் தெரிந்து, மேலே நிமிர்ந்து பார்க்கும் கண் நமக்குள் ஏதோ செய்கிறது. உங்கள் மூன்று ஷாட்டுக்கும் மூன்று விதமான சாய்வு தேவைப்படும். முதல் ஷாட்டில் முகம் வேண்டுமா வேண்டாமா என்று இப்போதே முடிவு செய்யுங்கள், இடமும் லென்ஸும் அதிலிருந்துதான் வரும்.

#5 ஓடும்கேமரா

நடைமுறைச் சிக்கல் ஒன்றைச் சொல்கிறேன். ஜன்னலிலிருந்தோ மாடியிலிருந்தோ கேமராவை வெளியே நீட்டாவிட்டால் நேர் கீழே பார்க்க முடியாது. சுவர் விளிம்பும் சன்ஷேடும் ஃபிரேமில் வந்துவிடும். அதனால்தான் எல்லோரும் சுவரில் உட்காருகிறார்கள். நாங்களும் மாணவர்களாக இருந்தபோது அப்படித்தான் எடுத்தோம், ஒன்றும் ஆகவில்லை. ஐந்து பேர் யூனிட்டுக்கு இவ்வளவு கட்டுப்பாடு போட்டால் படம் முடியுமா என்பது என் உண்மையான கவலை. பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை.

#6 மணல்மூட்டை

சிக்கல் உண்மைதான், ஓடும்கேமரா. ஆனால் தீர்வு சுவரில் உட்காருவது இல்லை, சாய்வை மாற்றுவது.

14 அடி உயரத்தில் கேமராவை 60 டிகிரி கீழே சாய்த்து வை. ஃபிரேமின் நடுப்புள்ளி சுவரிலிருந்து சுமார் 8 அடி தள்ளி விழும். 24 எம்.எம்.-இல் 16:9 ஃபிரேமின் கீழ்விளிம்பு சுவரிலிருந்து இரண்டடிக்குள் தொடங்கும், மேல்விளிம்பு 18 அடி வரை போகும். வானம் எங்கும் தெரியாது. பார்ப்பவர்களுக்கு இது மேலிருந்து பார்க்கிற ஷாட்தான், 60-ஆ 90-ஆ என்று யாரும் பாகைமானி வைத்து அளக்கப் போவதில்லை. சன்ஷேடு அகலமாக இருந்து உள்ளே வந்தால் ஐந்து டிகிரி நிமிர்த்து.

இதில் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது. நேர் கீழே பார்த்தால் நடிக்கிற பெண் கேமராவுக்கு அடியில் நிற்க வேண்டும். சாய்த்துப் பார்த்தால் அவள் எட்டடி தள்ளி நிற்கிறாள். கேமராவோ லென்ஸ் மூடியோ நழுவினால் சுவர் ஓரமாகத்தான் விழும், அங்கே ஆள் இல்லை. அந்தச் சுவர் ஓரத்தைக் கயிறு கட்டி மூடி, ஒருவரைக் காவலுக்கு நிறுத்திவிடு.

35 அடியிலிருந்து விழுகிற பொருள் ஒன்றரை வினாடியில் தரையைத் தொடும், அப்போது வேகம் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். "ஏய், தள்ளு!" என்று கத்தி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அதனால்தான் விழாமல் பார்ப்பதோடு விழுகிற இடத்தையும் காலியாக வைக்கச் சொல்கிறேன்.

கேமரா வைக்கிற விதம்: டிரைபாட் முழுக்க அறைக்கு உள்ளே. மூன்று காலும் தரையில், கால்கள் அகல விரிந்து, நடுக்கம்பியில் மணல் மூட்டை தொங்க. கேமராவிலிருந்து தனியாக ஒரு எஃகு கம்பிக் கயிறு, பூட்டுள்ள கொக்கியோடு, அறைக்குள் அசையாத ஒன்றில் (தூண், பதித்த கம்பி) கட்ட வேண்டும். டிரைபாடிலேயே கட்டினால் டிரைபாடோடு சேர்ந்து போய்விடும். கயிறு தொங்கலாக இருக்கக் கூடாது. கழன்றால் ஒரு சாண் கூட இறங்காத அளவு இறுக்கம். கழுத்துப் பட்டையைக் கழற்றி வை, அது ஏதாவதொன்றில் மாட்டி இழுக்கும். லென்ஸ் மூடி, ஹூட், திருகு ஃபில்டர் எல்லாம் உள்ளேயே கழற்றி மேசை மேல். கேமரா ஜன்னலில் இருக்கும்போது லென்ஸ் மாற்றம், பேட்டரி மாற்றம், கார்டு மாற்றம் கிடையாது. உள்ளே இழுத்து, கீழே வைத்து மாற்று. நீ கேமராவுக்குப் பின்னால்கூட நிற்க வேண்டாம், செல்போனில் ஆப் வழியாகப் படத்தைப் பார்த்து ரெக்கார்ட் போடு.

#7 ஏணிப்படி

நான் சினிமாக்காரன் இல்லை. கட்டுமானத் தளங்களில் பாதுகாப்பு அலுவலர் வேலை. உயரம் எங்கள் அன்றாடம் என்பதால் சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

"ஒன்றும் ஆகவில்லை" என்பதற்கு ஒரு பதில். 2010 அக்டோபர் 27 அன்று அமெரிக்காவின் நோட்ரே டேம் பல்கலைக்கழகத்தில் 20 வயது மாணவர் ஒருவர், அமெரிக்கக் கால்பந்து அணியின் பயிற்சியை மேலிருந்து வீடியோ எடுக்கக் கத்தரி லிஃப்டில் (கத்தரிக்கோல் போல விரிந்து உயரும் மேடை) ஏறியிருந்தார். அன்று காற்று மணிக்கு 50 மைலுக்கு மேல் வீசியது. லிஃப்ட் சாய்ந்து விழுந்து அவர் இறந்தார். அதற்கு முன்பும் அந்த லிஃப்டுகளில் ஏறிப் படமெடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பல்கலைக்கழகம் பயிற்சி மைதானத்தில் கம்பங்களில் ரிமோட் கேமராக்களைப் பொருத்திவிட்டது. மணல்மூட்டை முதலில் சொன்ன அதே விதி. ஒரு பையன் போன பிறகு அங்கே வந்தது. வெளியிடத்தில் கத்தரி லிஃப்டுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காற்று வரம்பு மணிக்கு 28 மைல், அதாவது சுமார் 45 கிலோமீட்டர்தான்.

இனி ஏணி. ஏணியில் நிற்கும்போது இரண்டு கால் ஒரு கை, அல்லது இரண்டு கை ஒரு கால், எப்போதும் மூன்று தொடுபுள்ளி இருக்க வேண்டும். கேமராவைப் பிடிக்க இரண்டு கை வேண்டும். அப்போதே கணக்கு இடிக்கிறது. எனவே ஏணி பொருத்துவதற்கு, எடுப்பதற்கு இல்லை. ஏறிப் பொருத்திவிட்டு இறங்கிவிடுங்கள். விரித்து வைக்கும் ஏணியில் உச்சிப் பலகையிலும் அதற்கு அடுத்த படியிலும் நிற்கவே கூடாது. சாய்த்து வைக்கும் ஏணி என்றால் நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் ஏணியின் கால் சுவரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும்.

அலுமினிய ஏணி மின்சாரம் கடத்தும். நீளக் குச்சியின் நுனியில் கேமரா மாட்டி உயர்த்துகிறவர்களுக்கும் இது பொருந்தும், கார்பன் ஃபைபர் குச்சியும் கடத்தும். மின்கம்பி தெரிகிற இடத்தில் குச்சியின் நுனிக்கும் கம்பிக்கும் குறைந்தது பத்தடி இடைவெளி. உயர் அழுத்தக் கம்பி என்றால் அந்த இடமே வேண்டாம்.

பிறகு, யாராவது உங்களுக்கு "பெல்ட் கயிறு வாங்கிக் கட்டிக்கொள்" என்று யோசனை சொல்வார்கள். ஆறடிக் கயிறு, அதிர்வு தாங்கி மூன்றரை அடி நீளும், உங்கள் உடல் நீளம், கொஞ்சம் இடைவெளி, எல்லாம் கூட்டினால் கட்டிய புள்ளிக்குக் கீழே சுமார் 18 அடி காலியாக இருக்க வேண்டும். பதினாலு அடியில் அந்தக் கயிறு வேலை செய்யும் முன்பே தரை வந்துவிடும். அதைக் கட்டும் இடமும் 22 கிலோநியூட்டன், அதாவது இரண்டு டன்னுக்கு மேல் தாங்க வேண்டும். தண்ணீர்க் குழாய் அவ்வளவு தாங்காது. பயிற்சி இல்லாதவர் கையில் அது பொய்யான தைரியம்.

மொட்டை மாடிக்குப் போயே ஆக வேண்டும் என்றால், ஓரத்திலிருந்து ஆறடி உள்ளே தரையில் பளிச்சென்ற டேப் ஒட்டுங்கள். அதைத் தாண்டி யாரும் போகக் கூடாது, பின்னால் நடந்து கேமரா எடுப்பது கூடவே கூடாது. சிமென்ட் ஷீட் கூரை, கண்ணாடிக் கூரை மேல் கால் வைக்காதீர்கள். பார்க்கக் கெட்டியாக இருக்கும், உடைந்து உள்ளே விழுவார்கள்.

#8 ஓடும்கேமரா

நோட்ரே டேம் விவரம் எனக்குத் தெரியாது. நன்றி ஏணிப்படி. 60 டிகிரி யோசனையும் எனக்குப் பிடித்திருக்கிறது, அதை மறுக்கக் காரணம் இல்லை. முதல் மாடி ஜன்னல் கிடைத்தால் நானும் அதைத்தான் சொல்வேன்.

#9 பறவைக்கண்

முற்றத்துக்கு டிரோன் போடலாமே?

#10 சட்டகம்

போடலாம். ஆனால் இந்த ஷாட்டுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. ஃபிரேமில் கூட்டம் இருக்கிறது, டிரோனைக் கூட்டத்தின் தலைக்கு மேல் பறக்கவிடப் பல நாட்டு விதிகளில் கட்டுப்பாடு உண்டு. எடை 250 கிராமைத் தாண்டினால் பல நாடுகளில் பதிவு, அனுமதி என்று தனி வேலை. சத்தமும் காற்றும் வேறு: 14 அடி உயரத்தில் டிரோன் நின்றால் கீழே நிற்கிறவள் முடி பறக்கும், வசனத்தை எடுக்கவே முடியாது, கடந்து போகிற எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். தனிமை காட்டுகிற ஷாட்டில் எல்லோர் முகமும் மேலே பார்த்தால் ஷாட் போயிற்று.

#11 கோணல்பார்வை

எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்று முற்றத்தைப் போய்ப் பார்த்தேன். முதல் மாடியில் ஒரு வகுப்பறை ஜன்னல் சரியாக முற்றத்தின் மேல் திறக்கிறது. சன்ஷேடு குறுகலானதுதான். முதல் ஷாட்டில் முகம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன், கடைசியில் ஒரே ஒரு கணம் அவள் நிமிர்ந்து பார்க்கட்டும்.

கட்டில் ஷாட்தான் இப்போது பயமாக இருக்கிறது. அறையின் உயரம் பத்தடி. கட்டில் ஒன்றரை அடி. கேமராவை அவள் முகத்துக்கு மேல் எப்படி நிறுத்துவது? சீலிங் ஃபேன் கொக்கியில் கட்டலாமா?

#12 மணல்மூட்டை

ஃபேன் கொக்கி வேண்டாம். அது ஃபேனுக்காகப் போட்டது, உள்ளே எப்படிப் பதித்திருக்கிறார்கள் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஃபால்ஸ் சீலிங்கிலும் எதையும் தொங்கவிடாதே, அது தன் எடையைத் தவிர வேறு தாங்காது.

மூன்று ஷாட்டில் இதுதான் எனக்குக் கவலையானது. ஜன்னல் ஷாட்டில் விழுகிற இடத்தில் ஆள் இல்லை. இங்கே விழுகிற இடமே ஒரு பெண்ணின் முகம்.

ஒற்றை ஸ்டாண்டில் நீள ஆர்ம் போட்டு நீட்டுவதைத் தவிர்த்துவிடு. நாலடி நீட்டிய ஒரு கிலோ கேமராவைச் சமன் செய்ய, மறுபக்கம் ஓரடியில் நாலு கிலோ வேண்டும், யாராவது காலால் இடித்தால் அவ்வளவுதான். அதற்குப் பதில் கோல் போஸ்ட் போடு: கட்டிலின் இரண்டு பக்கமும் கனமான லைட் ஸ்டாண்ட் ஒவ்வொன்று, மேலே குறுக்கே ஒரு கெட்டியான பைப், இரண்டு முனையும் கிளாம்பில் பூட்டி, பைப்பின் நடுவில் கேமரா. கீழே இரண்டு ஸ்டாண்டுக்கும் மணல் மூட்டை. மூட்டை தரையில் கிடக்கக் கூடாது, ஸ்டாண்டின் கால்மேல் தொங்க வேண்டும், அப்போதுதான் எடை ஸ்டாண்டில் இறங்கும். கேமராவை மாட்டிய கிளாம்ப் தனி, பைப்போடு சுற்றிப் பூட்டிய எஃகுக் கயிறு தனி. ஒன்று விட்டாலும் மற்றது பிடிக்க வேண்டும்.

சி ஸ்டாண்ட் (மூன்று காலும் பக்கவாட்டில் நீளும் ஆர்மும் உள்ள கனமான ஸ்டாண்ட்) கிடைத்து அதைத்தான் பயன்படுத்த வேண்டிய நிலை வந்தால்: மூன்று காலில் உயரமான கால் எடை நீளும் பக்கம் இருக்கட்டும். ஆர்ம் கைப்பூட்டைத் திருப்பி வை, எடை கீழே இழுக்கும்போது பூட்டு இறுகுகிற திசையில். எதிர்த்திசையில் வைத்தால் எடையே மெல்ல மெல்லத் திருகி அவிழ்த்துவிடும். டேக் நடுவில் கேமரா தானாகத் தலை குனிவது பெரும்பாலும் இதனால்தான்.

எல்லாம் கட்டி முடித்ததும், கட்டிலில் யாரும் இல்லாதபோது ஸ்டாண்டைக் கையால் நன்றாக உலுக்கு. பத்து நிமிஷம் அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி வந்து ஒவ்வொரு திருகையும் மறுபடி தொட்டுப் பார். அதற்குப் பிறகுதான் நடிகை வந்து படுக்க வேண்டும். டேக் முடிந்ததும் முதலில் அவள் எழுந்து வெளியே வருவாள், பிறகுதான் யாரும் கேமராவைத் தொடலாம். வரிசை மாறக் கூடாது.

எடையும் குறைத்துக்கொள். மிரர்லெஸ்ஸும் 24-70-உம் சேர்ந்தால் ஒன்றரை கிலோ வந்துவிடும். இந்த ஒரு ஷாட்டைச் செல்போனில் எடுத்தால் 200 கிராமில் முடியும். இருட்டுக் காட்சி என்றாலும், ஓரமாக ஒரு மென்மையான லைட் கொடுத்தால் சமாளிக்கலாம்.

அளவு பார்த்துவிட்டேன்: கேமரா எட்டரை அடியில் என்றால் கட்டிலிலிருந்து ஏழடி. 24 எம்.எம்.-இல் அகலம் பத்தரை அடி, உயரம் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. கட்டிலின் நீளம் ஃபிரேமின் அகலத்தோடு போகிற மாதிரி வை, முழுக் கட்டிலும் தாராளமாக அடங்கும். அல்ட்ரா வைட் தேவையே இல்லை.

#13 வெட்டுமேசை

எடிட்டிங் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

செல்போனை நேர் கீழே பார்க்க வைக்கும்போது அதற்கு எது மேல், எது பக்கம் என்று குழம்பிவிடும். ஸ்கிரீனில் சரியாகத் தெரிந்தாலும் கிளிப் செங்குத்தாகவோ தலைகீழாகவோ பதிவாகும். நாலு டேக் நாலு திசையில் வந்தால் எடிட்டில் எரிச்சல். ஆப்பில் திசையைப் பூட்டும் வசதி இருந்தால் பூட்டுங்கள். இல்லையென்றால் போனைக் கிடைமட்டமாக நிமிர்த்திப் பிடித்து, ரெக்கார்ட் போட்ட பிறகு கீழே சாய்த்து மாட்டுங்கள். ஆட்டோ ஃபோகஸ், எக்ஸ்போஷர் இரண்டையும் பூட்டிவிடுங்கள், போர்வை அசைந்தாலே ஃபோகஸ் தேட ஆரம்பிக்கும். ஸ்டெபிலைசேஷனை அணையுங்கள். கேமரா அசையாதபோது அது வேண்டாம், ஃபிரேமையும் ஓரத்தில் வெட்டிவிடும்.

அப்புறம், கேமராவை மேலே ஏற்றாமலே இந்த ஷாட்டை எடுக்க ஒரு பழைய வழி இருக்கிறது. மெத்தை விரிப்பையும் தலையணையையும் சுவரில் நிமிர்த்திப் பொருத்திவிடுங்கள். நடிகை அதில் சாய்ந்து நிற்க, கேமரா சாதாரணமாக எதிரே டிரைபாடில். இடுப்புக்கு மேல் மட்டும் ஃபிரேம். பார்ப்பவருக்கு அவள் படுத்திருப்பதாகவே தெரியும். காட்டிக் கொடுப்பது இரண்டு: தொங்கும் முடியும் துணி மடிப்பும். முடியைத் தலையணையில் விரித்து உள்பக்கம் ஊசி குத்தி நிறுத்த வேண்டும், போர்வையையும் அங்கங்கே தைத்து வைக்க வேண்டும். கன்னத்துச் சதையும் படுக்கும்போது ஒரு மாதிரி, நிற்கும்போது ஒரு மாதிரி விழும், அதனால் மிக நெருங்கிய குளோசப் வேண்டாம். உங்கள் காட்சியில் அவள் அசையாமல் விழித்திருக்கிறாள் என்பதால் இது நன்றாகவே பொருந்தும்.

இப்படித் தந்திரமாக உயரத்தைக் காட்டுவது சினிமா பிறந்த காலத்து வித்தை. ஹெரால்ட் லாயிட் 1923-இல் கடிகார முள்ளைப் பிடித்துத் தொங்கும் 'சேஃப்டி லாஸ்ட்!' காட்சிக்கு, கட்டடத்தின் முகப்பை வேறொரு கட்டடத்தின் மொட்டை மாடியில் செட்டாகப் போட்டு, அடியில் மெத்தை போட்ட மேடை வைத்து, அது தெரியாத கோணத்தில் கேமராவை வைத்தார்கள். தெருவின் ஆழம் முழுக்கக் கோணத்தால் வந்தது.

#14 கோணல்பார்வை

அக்கா, அந்தச் சுவர் யோசனை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது! அதையே செய்கிறோம். முழுக் கட்டில் தெரிய வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடலாம், முகமும் தலையணையும்தான் காட்சி.

படிக்கட்டு ஷாட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லையே? அப்பா மேல் படியில் நிற்கிறார், அவள் எட்டுப் படி கீழே. அப்பாவின் தோளுக்கு மேலிருந்து அவளைப் பார்க்க வேண்டும்.

#15 சட்டகம்

ஏனென்றால் அதுதான் மூன்றிலும் எளியது. படிக்கட்டே உங்களுக்கு உயரம் தருகிறது. எட்டுப் படி என்றாலே நாலடிக்கு மேல் வித்தியாசம். அப்பாவுக்கு இரண்டு படி மேலே டிரைபாட் வைத்தால் போதும். இரண்டு கால் ஒரு படியில், ஒரு கால் நீட்டி கீழ்ப்படியில், ஸ்பிரிட் லெவல் பார்த்து. கேமராமேன் படியில் நின்றபடி எடுக்காமல் உட்கார்ந்து எடுக்கட்டும்.

50 எம்.எம். போடுங்கள். லென்ஸ் நீளமாக ஆக, பின்னணியை ஃபிரேமிலிருந்து நீக்கக் குறைந்த சாய்வு போதும். 24-இல் அடிவானம் வெளியே போக 23 டிகிரிக்கு மேல் சாய்க்க வேண்டும், 50-இல் 12 டிகிரியே போதும். அவளுக்குப் பின்னால் கதவு, ஜன்னல், வெளிச்சம் எதுவும் இல்லாமல் வெறும் படியும் தரையும் மட்டும் இருக்கும். மேலிருந்து எடுக்கும்போது தரைதான் உங்கள் பின்னணி என்பதை மூன்று ஷாட்டிலும் மறக்காதீர்கள். உடையின் நிறத்தைத் தரையின் நிறம் பார்த்து முடிவு செய்யுங்கள். முற்றம் சாம்பல் நிறம் என்றால் அவளுக்குச் சாம்பல் சுடிதார் கொடுத்து அவளைத் தரையில் கரைத்துவிடலாம், அல்லது ஒரே ஒரு பளிச்சென்ற துப்பட்டா.

அவள் பின்னோக்கி இறங்குகிற மாதிரி நடிப்பு இருந்தால் மட்டும் கவனம். ஒத்திகையில் படி எண்ணிப் பழகட்டும், கேமராவுக்குத் தெரியாமல் கீழே ஒருவர் நிற்கட்டும்.

#16 ஒலிவாங்கி

யாரும் ஒலியைத் தொடவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். நீளக் குச்சியில் மாட்டிய பூம் மைக்கைப் பழக்கத்தில் எல்லோரும் மேலிருந்து நீட்டுவார்கள். டாப் ஆங்கிளில் அது நேராக ஃபிரேமுக்குள் வரும், நிழலும் முகத்தில் விழும். படிக்கட்டில் கீழிருந்து, பக்கவாட்டில் கொடுங்கள், அல்லது உடையில் காலர் மைக். முற்றத்தில் வசனம் இல்லை என்றால் ஷாட் முடிந்ததும் அதே இடத்தில் ஒரு நிமிடம் கூட்டத்தின் ஒலியைத் தனியாகப் பதிந்துகொள்ளுங்கள். ஜன்னலில் இருக்கிற கேமராவின் மைக்கில் வகுப்பறை எதிரொலிதான் இருக்கும்.

#17 கோணல்பார்வை

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். ஷாட் டிவிஷனைத் திருத்தி எழுதிவிட்டேன். இப்போது மூன்று ஷாட்டிலும் யாரும் எதிலும் ஏறவில்லை. கல்லூரி நிர்வாகத்திடம் வகுப்பறைக்கும் முற்றத்துக்கும் எழுத்தில் அனுமதி கேட்டிருக்கிறேன். கடைசியாக ஒரு கேள்வி: ஐந்து பேரில் யார் யார் எங்கே நிற்பது? முற்றத்து ஷாட்டுக்கு எந்த நேரம் நல்லது?

#18 மணல்மூட்டை

நேரத்துக்கு: எந்த நேரத்தில் எடுக்கப் போகிறாயோ அதே நேரத்தில் முதல் நாள் போய் ஜன்னலிலிருந்து பார். நடு மத்தியானத்தில் நிழல் காலடியில் சுருண்டு, தலையும் தோளும் வெளுத்துப் போகும். காலை எட்டு மணிக்கோ மாலை நாலரைக்கோ நிழல் நீளமாக விழும், கடந்து போகிறவர்களின் நிழல் அவள் மேல் ஏறி இறங்கும், உன் கதைக்கு அது வேண்டும். ஆனால் கட்டடத்தின் நிழல் எந்த நேரத்தில் முற்றத்தை மூடுகிறது என்று பார்த்துக்கொள். காற்று பலமாக இருந்தாலோ மழை தூறினாலோ அன்று ஜன்னல் ஷாட் கிடையாது, உள்ளே படிக்கட்டு ஷாட்டை எடு.

ஆட்கள்: நீ வகுப்பறையில், கேமராவிலிருந்து தள்ளி, செல்போன் திரையோடு. இன்னொருவர் கேமராவுக்குப் பக்கத்தில், கை டிரைபாடில், வேறு வேலை எதுவும் இல்லாமல். மூன்றாமவர் கீழே சுவர் ஓரத்தில் கயிற்றுக்கு வெளியே, யாரும் உள்ளே வராமல் பார்க்க. அவர் கண் நடிப்பில் போகக் கூடாது. நாலாமவர் கூட்டத்தை நடத்துவார். ஐந்தாமவர் நடிகையோடு. மேலும் கீழும் பேச இரண்டு போனில் கால் போட்டு அப்படியே விட்டுவிடுங்கள், கத்திப் பேசினால் காது கேட்காமல் யாராவது ஜன்னலில் எட்டிப் பார்ப்பார்கள்.

"நிறுத்து" என்று ஐந்து பேரில் யார் சொன்னாலும் அந்த நொடியே எல்லாம் நிற்க வேண்டும், காரணம் பிறகு கேட்கலாம். இதைக் காலையில் வேலை தொடங்கும் முன் எல்லோரையும் நிறுத்தி வாயால் சொல்லிவிடு. முதலுதவிப் பெட்டி ஜன்னல் அறையில் இல்லாமல் முற்றத்தில் இருக்கட்டும். டிரைபாடையும் எஃகுக் கயிற்றையும் முதல் நாள் மாலையே தரைத்தளத்தில் ஒருமுறை முழுக்கக் கட்டிப் பார், எந்தக் கொக்கி பொருந்தவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும்.